பயணத் திலகத்துக்கு ஒரு சான்றுரை

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது; பாய்மரத்தைக் கண்டுபிடித்தது; இறக்கை கட்டிக்கொண்டு ஆகாயத்திலும் ஏறிப் பார்த்துவிட்டது. ஆனாலும், ஓர் ஊரைச் 'சுற்றிப் பார்ப்பது' எப்படி என்ற ஆதாரக் கேள்விக்கு விடை கிடைக்க, நீர்க்கட்டண அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், மின்விசிறிக்கு நேர் கீழே, ஒரு தலைமை எழுத்தர் வந்து உட்காரும் வரை அது காத்திருக்க வேண்டியிருந்தது.

அவரை எல்லாரும் பயணத் திலகம் என்று அழைத்தார்கள். அந்தப் பட்டம் எப்படி வந்தது என்பதில் அலுவலகத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. அவரே சூட்டிக்கொண்டார் என்பது ஒரு கட்சி. இல்லை, மற்றவர்களிடம் கேட்டு முறைப்படி வாங்கிக்கொண்டார் என்பது இன்னொரு கட்சி. எப்படியானாலும் பட்டம் நிலைத்துவிட்டது. மதிய உணவு வேளையில் திலகம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பிப்பார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர்களால் எழுந்து ஓட முடியாது. அவர்களே அவருடைய சீடர்கள்.

திலகத்தின் தத்துவத்தில் சிக்கல் ஏதுமில்லை. அரண்மனையை வெளியே நின்று பார்க்க வேண்டும். உள்ளே போய்விட்டால் அரண்மனை எங்கே தெரியும்? வெறும் அறைகள்தானே தெரியும்? கோபுரத்தைக் கீழே நின்று பார்க்க வேண்டும். மேலே ஏறியவனுக்கு ஊரெல்லாம் தெரியும், கோபுரம் மட்டும் தெரியாது. நுழைவுச்சீட்டு விற்கும் ஜன்னல் என்பது அறிவுள்ளவனையும் மற்றவனையும் பிரித்துக் காட்டுவதற்காக ஏற்பட்ட ஏற்பாடு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: வெளியூரில் யாரிடமும் எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் விலை சொல்வார்கள்.

இந்த முறையில் அவர் தம் மனைவிக்கு ஏற்கெனவே பல நகரங்களைக் காட்டியிருந்தார். ஒரு மிருகக்காட்சி சாலையின் மதிலை முழுசாகச் சுற்றிவந்து சிங்கத்தின் உறுமலை இலவசமாகக் கேட்கச் செய்தார். ஓர் அருங்காட்சியகத்தின் வாசலில் நிறுத்தி, உள்ளே போய்த் திரும்பியவர்களின் முகங்களைப் பார்க்கச் சொன்னார். "பாரு, எல்லாரும் கால் வலியோட வர்றாங்க," என்று சுட்டிக் காட்டினார். மனைவியும் பார்த்தாள். அவளுக்கும் கால் வலித்தது.

அந்த அம்மாள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தாள். நாள் முழுக்க அடுத்தவர் கையில் ஊசியை இறக்குகிறவர்களுக்கு ஒரு நிதானம் வந்துவிடும். அவள் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. பொய் சொல்லியும் கேட்டதில்லை. லேசாகக் குத்தும் என்றால் லேசாகத்தான் குத்தும்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஊழியர் மனமகிழ் மன்றத்தின் கூட்டத்தில் ஒரு விபரீதம் நடந்தது. ஆண்டுதோறும் குடும்பத்தோடு போகும் சுற்றுலாவை ஒரு சுற்றுலாக் கம்பெனியிடம் விட்டுவிடலாம், பஸ், ஓட்டல், சாப்பாடு எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று மன்றச் செயலாளர் சொன்னார். திலகம் எழுந்து, தம் தலைமையில் வந்தால் மலிவான பயணிகள் ஹாஸ்டலில் படுத்து, நடந்து, ஊரை 'உண்மையாக' அனுபவிக்கலாம் என்று நெடுநேரம் முழங்கினார். பாதிப் பேர் அசைந்து கொடுத்துவிட்டார்கள். அப்போது காசாளரின் மனைவி, யாரும் இதுவரை கேட்கத் துணியாத ஒன்றைக் கேட்டாள்.

"நீங்க சொல்றதெல்லாம் சரிங்க. உங்க வீட்டுல அவங்க என்ன சொல்றாங்க?"

திலகம் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். வீட்டில் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது அவருக்கே புதிய தலைப்பாக இருந்தது. கடைசியில் செயலாளர் தீர்ப்பு வழங்கினார். சுற்றுலாவுக்குக் குறித்திருந்த ஆற்றங்கரை ஊருக்குத் திலகம் தம் துணைவியாரை ஒரு வார இறுதிக்கு அழைத்துப் போகட்டும். அடுத்த கூட்டத்தில் அந்த அம்மாளே மேடையேறி எப்படி இருந்தது என்று சொல்லட்டும். நன்றாக இருந்தது என்றால் சுற்றுலா திலகத்தின் முறைப்படி நடக்கும், அவருக்குச் சட்டையில் குத்திக்கொள்ள 'பயணத் தலைவர்' என்ற வில்லையும் உண்டு. இல்லையென்றால் கம்பெனி பஸ்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மனைவி கொஞ்சம் யோசித்தாள்.

"வர்றேன். மேடையில கூப்பிட்டா நடந்ததைச் சொல்லுவேன். கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைச்சும் சொல்ல மாட்டேன்."

"எனக்கு அது போதும்," என்றார் திலகம் பெருமையுடன்.

"ஒண்ணே ஒண்ணுங்க. அந்த ஊர்ல ஆத்துல படகு விடுறாங்களாம். மேல்தட்டுல உட்கார்ந்துக்கிட்டு ஊரைப் பார்த்துக்கிட்டே போகலாமாம். அதுல ஒரு தடவை போகணும்."

"பார்க்கலாம்," என்றார் திலகம். அந்த வீட்டில் அந்தச் சொல்லின் பொருள் கல்யாணமான புதிதிலேயே தெளிவாகிவிட்டிருந்தது.

*

ஹாஸ்டல் ரயில் நிலையத்துக்குப் பின்புறம், ஒரு சலவை நிலையத்துக்கும் சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. வரவேற்பு மேஜையில் கொண்டைக்குள் பென்சில் செருகிய ஒரு பெண் இருந்தாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள், இவர்களைப் பார்த்தாள், இரண்டு சாவிகளை எடுத்து வைத்தாள்.

"சாருக்கு மூணாவது மாடி, ஆண்கள் அறை. அம்மாவுக்கு முதல் மாடி, பெண்கள் அறை."

இதைத் திலகம் எதிர்பார்க்கவில்லை. பதிவு செய்யும்போது இருப்பதிலேயே மலிவானது எது என்று பார்த்துக் கை வைத்தாரே தவிர, அதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை. குடும்ப அறை ஒன்று காலியாக இருப்பதாகவும், கொஞ்சம் கூடுதலாகும் என்றும் அந்தப் பெண் சொன்னாள். 'கூடுதல்' என்ற சொல் காதில் விழுந்த கணத்தில் திலகத்துக்கு ஞானம் பிறந்தது. ராஜ வம்சங்களில் ராஜாவுக்குத் தனி மாளிகை, ராணிக்குத் தனி மாளிகை. அந்த வசதி சாமானியனுக்குக் கிடைப்பது ஹாஸ்டலில்தான் என்று மனைவிக்கு விளக்கினார்.

மனைவிக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. அதை மேஜைப் பெண்ணிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"மூணாவது மாடியில குறட்டை விட்டா முதல் மாடிக்குக் கேக்குமாம்மா?"

"கேக்காது ஆன்ட்டி. நடுவுல கான்கிரீட் இருக்கு."

அந்த அம்மாளின் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. தம் தத்துவத்தின் மீது மனைவிக்கு நம்பிக்கை துளிர்த்துவிட்டது என்று திலகம் எடுத்துக்கொண்டார்.

ஆண்கள் அறையில் அவருக்கு அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு. ஏணியில் ஏறுவதற்குள் கீழ்க்கட்டில்காரனின் தலையில் ஒரு தடவையும், அவன் வைத்திருந்த பிஸ்கட் பொட்டலத்தில் ஒரு தடவையும் கால் வைத்தார். சுற்றிலும் முதுகு அகலத்துக்குப் பைகளை வைத்துக்கொண்டு இளைஞர்கள். திலகம் அவர்களுக்குத் தம் முறையை எடுத்துச் சொல்லிவிட்டுத் தூங்கிப் போனார். காலையில் கண் விழித்தபோது அறையில் ஒருவரும் இல்லை. மெத்தைகளும் இல்லை. எட்டிப் பார்த்தால், எல்லாரும் வெளித் தாழ்வாரத்தில் மெத்தையைப் போட்டு, தலையணையைக் காதுகளின் மேல் கட்டிக்கொண்டு உறங்குகிறார்கள். இந்தத் தலைமுறைக்குக் காற்றோட்டத்தின் அருமை தெரிந்திருக்கிறது என்று அவர் உள்ளூரப் பாராட்டினார்.

கீழே இறங்கி வந்தால் இன்னொரு ஆச்சரியம். மனைவி இரண்டு பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். குடித்தாள் என்பதைவிட, சிரிப்பை அடக்க முடியாமல் டீயைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள் எனலாம். ஒருத்தி கட்டடக்கலை படிக்கிறவள். காதில் ஏகப்பட்ட வளையம். இன்னொருவர் நீச்சல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற அம்மாள். தோள்பட்டையைப் பார்த்தால் யாருக்கும் மரியாதை வரும். பெண்கள் அறையில் பேச்சு அடங்கவே நேரமாகிவிட்டதாம். படகுக்குக் கிளம்புகிறார்களாம்.

திலகம் அவசரமாகக் குறுக்கிட்டார். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினார். சதுக்கத்து நீரூற்று அருகே காலையில் இலவச நடைச் சுற்றுலா. மஞ்சள் குடை பிடித்தவரைப் பின்தொடரவும். 'இலவச' என்ற சொல்லை மட்டும் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார்.

"நீங்க நடந்துட்டு வாங்க," என்றாள் மனைவி. "நான் இவங்களோட படகுல போயிட்டு வர்றேன்."

"அதுக்கு டிக்கெட் ஆகுமே."

"நானும்தானே வேலைக்குப் போறேன்."

இருபத்தைந்து வருடங்களாக இந்தத் தகவல் அந்த வீட்டில் இருந்தது என்றாலும், இவ்வளவு காலையில் அது வெளியே வந்ததில்லை. நீச்சல் அம்மாள் திலகத்தை நிதானமாக ஏற இறங்கப் பார்த்தார். திலகம் பெருந்தன்மையோடு பின்வாங்கினார். "சரி, உனக்கு இன்னும் அனுபவம் பத்தாது. போய் ஒரு தடவை ஏமாந்துட்டு வா," என்று வாழ்த்தி அனுப்பினார்.

*

சதுக்கத்தில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. தூறல் போட்டால் குடை விரியும். விரிகிற குடைகளில் மஞ்சளும் இருக்கும். இந்த எளிய உண்மையை அறிவிப்பு எழுதியவர் யோசிக்கவில்லை, திலகமும் யோசிக்கவில்லை. நீரூற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு மஞ்சள் குடையின் கீழ் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி நின்றார். அவரைச் சுற்றி நடுத்தர வயதில், சட்டையை உள்ளே விட்டு, பையில் பேனா குத்திய கண்ணியமான மனிதர்கள். தம் தரத்துக்கு ஏற்ற கூட்டம் என்று திலகம் போய்ச் சேர்ந்துகொண்டார். இது எந்தச் சுற்றுலா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் விலை சொல்லிவிட்டால்?

பெண்மணி தலைகளை எண்ணினார். ஒருவர் கூடுதலாக இருக்கிறாரே என்றார். தலைமை அலுவலகத்திலிருந்து யாரோ வருவதாகச் சொன்னார்களே, அவராக இருக்கும் என்று ஒருவர் சொன்னார். அவ்வளவுதான். திலகத்துக்கு மரியாதை கூடிவிட்டது.

கொஞ்ச தூரம் நடந்ததும் ஒரு செங்கல் கட்டடம். வாசலில் ஒவ்வொருவருக்கும் தலைக்கவசமும், பளபளக்கும் மேல்சட்டையும், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் கொடுத்தார்கள். திலகத்துக்கு நெஞ்சு விம்மியது. எத்தனை ஊர்களில் எத்தனை இலவசச் சுற்றுலாக்கள். ஒருவனாவது பூட்ஸ் கொடுத்திருப்பானா? இரும்புப் படிகளில் கீழே இறங்கினார்கள். வாழ்நாளில் முதன்முறையாகத் திலகம், சுற்றிப் பார்க்க வந்த ஒரு கட்டடத்துக்குள்ளே நுழைந்தார். உள்ளே ஒரு வாசனை வந்து முகத்தில் அறைந்தது. பழமை வாய்ந்த இடங்களில் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது, வெளியே நின்றதால் இதுவரை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

"ஊர்ல இருக்கிற ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இங்கதான் வந்து சேருது," என்று பெண்மணி ஒரு பெரிய தொட்டியைக் காட்டினார். மக்களின் ஒற்றுமையைப் பற்றிப் பேசுகிறார் என்று திலகம் தலையசைத்தார்.

பக்கத்தில் நடந்த மீசைக்காரர் அவரிடம் பேச்சுக் கொடுத்தார்.

"சார் எந்தப் பிரிவு?"

"நீர்க்கட்டணம்."

"அட, அப்படிப் போடுங்க. நீங்க உள்ளே விடுறீங்க, நாங்க வெளியே எடுக்கிறோம்."

திலகத்துக்கு விளங்கவில்லை. விளங்காத இடத்தில் சிரித்துவிடுவது அவருடைய இன்னொரு பயண முறை. சிரித்தார். மீசைக்காரரும் சிரித்தார். அதற்குப் பிறகு இருவரும் உயிர் நண்பர்கள். பம்புகளின் குதிரைத் திறன், சல்லடைகளில் மாட்டுகிற துணிமணிகள், ஒரு தடவை முழு மெத்தையே வந்து மாட்டிய கதை எல்லாவற்றையும் மீசைக்காரர் சொல்லிக்கொண்டே வந்தார். ஊரைப் பற்றி இவ்வளவு நெருக்கமாகப் பேசிய வழிகாட்டியைத் திலகம் கண்டதில்லை.

மதியம் ஒரு நீண்ட மேஜையில் ஆளுக்கொரு உணவுப் பொட்டலம் வைத்தார்கள். திலகம் மனைவியை நினைத்துக்கொண்டு இன்னொன்றையும் எடுத்து வைத்தார். அவர் அன்பில்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. இலவசமாகக் கிடைத்ததையெல்லாம் மனைவியோடுதான் பகிர்ந்துகொண்டிருக்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகு, தலைமை அலுவலகத்துக்காரர் நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். 'தலைமை' என்ற சொல் தம்மைத்தான் குறிக்கும் என்பதில் தலைமை எழுத்தருக்குச் சந்தேகமே வரவில்லை. எழுந்தார். எத்தனையோ நகரங்களை மேலோட்டமாகப் பார்த்ததாகவும், ஒரு நகரத்தின் ஆழத்தை இன்றுதான் கண்டதாகவும், இங்கே வீசும் மணம் தம் நினைவை விட்டு நீங்காது என்றும் பேசினார். அந்தத் துறையில் இருப்பவர்களை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுற்றுலாவின் கடைசிக் கட்டமாக, ஒரு சுரங்கக் குழாய்க்குள் நடந்து ஆற்றங்கரையில் வெளிவந்தார்கள். குழாயின் வாய் வண்டி போகிற அகலம். அதற்கு முன்னால் ஒரு சிமென்ட் மேடை. தூறல் நின்று வெயில் வந்திருந்தது. திலகம் தலைக்கவசமும் பூட்ஸுமாக மேடையின் விளிம்பில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டார். ஆற்றில் படகு ஒன்று வந்தது. அதன் ஒலிபெருக்கி தெளிவாகப் பேசியது:

"இடது பக்கம் நீங்க பார்க்கிறது நம்ம நகரத்தோட கழிவுநீர் சுத்தமாகி ஆத்துல கலக்கிற இடம். மூக்கை மட்டும் கொஞ்சம் பொத்திக்கங்க, இதோ தாண்டிடுவோம்."

படகில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூக்கைப் பிடித்தார்கள். மேல்தட்டின் முன்வரிசையில், காற்றில் முடி பறக்க, கையில் குச்சி ஐஸோடு, ஒரு பெண் மட்டும் மூக்கைப் பிடிக்க மறந்து இடது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். திலகமும் அவளைப் பார்த்தார். தம் மனைவியை இவ்வளவு தூரத்திலிருந்து, இவ்வளவு சந்தோஷமாக, அவர் பார்த்ததில்லை. ஒரு கணம் யாரோ என்று நினைத்துவிட்டார். பிறகு கையை உயர்த்தி ஆட்டினார்.

படகில் அப்போது நடந்த பேச்சு அவருக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. "அக்கா, அந்தக் குழாய்க்குள்ளேர்ந்து வந்த ஆள் உங்களைப் பார்த்துத்தான் கையாட்டுறாரு. தெரிஞ்சவரா?" என்று காது வளையக்காரி கேட்டிருக்கிறாள்.

"கொஞ்சம் பழக்கம்," என்றிருக்கிறாள் மனைவி.

படகு வளைவில் திரும்பி மறைந்தது. திலகம் தம் வாழ்க்கைக் கொள்கையை உடைத்து, மஞ்சள் குடைப் பெண்மணியிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"இது என்ன சுற்றுலாங்க?"

"சுற்றுலாவா? கழிவுநீர்ப் பொறியாளர்கள் ஆய்வுப் பயணம் சார். நீங்க தலைமை அலுவலகத்திலிருந்து வரலையா?"

"இல்லைங்க. நான் சொந்த விருப்பத்துல வந்தேன்."

பெண்மணி கையுறையைக் கழற்றிவிட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இத்தனை வருட சர்வீஸில் அப்படி யாரும் வந்ததில்லை என்றார்.

*

மாலையில் ஹாஸ்டல் வாசலில் மேஜைப் பெண் திலகத்தைப் பார்த்ததும், எதையும் விசாரிக்காமல் குளியலறை இருக்கும் திசையைக் காட்டினாள். குளித்து வந்து, உணவுப் பொட்டலத்தை மனைவியிடம் கொடுத்தார். அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். ஆற்றில் பார்த்ததைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவருக்கு இருந்த கவலை வேறு.

"கூட்டத்துல என்ன சொல்லப் போறே?"

"நல்லா இருந்துச்சுன்னுதான்."

"உண்மையாவா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. அப்படியே சொல்லுவேன்."

பொய் சொல்லத் தெரியாத வாயிலிருந்து இப்படி ஒரு சொல். திலகம் அன்றிரவு தாழ்வாரத்துக்கும் கேட்கும்படி நிம்மதியாகத் தூங்கினார்.

மன்றக் கூட்டத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் காசாளரின் மனைவி, சாய்ந்து உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு. திலகம் சலவைச் சட்டையில் வந்திருந்தார். வில்லை குத்துவதற்குத் தோதாக இடது பக்கப் பையைக் காலியாக வைத்திருந்தார். முன்னுரையாகத் தம் தத்துவத்தை இன்னொரு முறை விளக்கிவிட்டு, "இனி என் துணைவியாரே சொல்வார்," என்று ஒலிபெருக்கியை நீட்டினார்.

"வணக்கம். பயணம் ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றாள் அவள்.

திலகம் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் குறித்துக்கொண்டார்.

அவள் நிதானமாகச் சொன்னாள். மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு கீழ்க்கட்டிலோடு கதை பேசியது, சமைக்க வேண்டாத காலை, படகின் மேல்தட்டு, நீச்சல் அம்மாள் அவள் கையைப் பிடித்துத் தண்ணீரில் கால் நனைக்க வைத்தது. அந்த ஊர் அரண்மனைக்குள்ளும் போனார்களாம். உள்ளே கூரையில் வரைந்திருந்த வானத்தைத் தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்தார்களாம். அந்த ஹாஸ்டல் மாதிரி ஓர் இடத்தில் எல்லாரும் ஒரு தடவையாவது தங்க வேண்டும் என்றாள். மண்டபத்தில் பெண்கள் பக்கம் நாற்காலிகள் ஒவ்வொன்றாக முன்னால் நகர்ந்தன.

"அப்ப, சாரோட முறை நல்ல முறைதான்னு சொல்றீங்களா?" என்று செயலாளர் கேட்டார்.

"ஆமாங்க. இவரோட கிளம்பிப் போன பயணத்துலயே இதுதான் ஒசத்தி. இதுல மட்டும்தான் இவர் கூட வரலை."

காசாளரின் மனைவி கட்டியிருந்த கையை அவிழ்த்து முதலில் தட்டினாள். அப்புறம் பெண்கள் பக்கம் முழுவதும் தட்டியது. கொஞ்ச நேரத்தில் ஆண்கள் பக்கமும் யோசித்துப் பார்த்து, தங்களுக்கும் அதில் ஒரு நன்மை இருப்பதைக் கண்டு, இன்னும் பலமாகத் தட்டியது. மேடையிலேயே பேசி முடித்துவிட்டார்கள்: கம்பெனி பஸ் வேண்டாம், ஹாஸ்டல்தான், பெண்கள் மட்டும், தலைவி அந்த அம்மாள்தான். வில்லை அவள் புடவையில் குத்தப்பட்டது.

செயலாளர் எழுந்து தீர்மானத்தைப் படித்தார்: "பயணத் திலகம் அவர்கள் இத்துறையில் ஆற்றிவரும் ஈடு இணையற்ற சேவையை இம்மன்றம் நெஞ்சாரப் பாராட்டுவதோடு, அன்னாரை இனிவரும் எல்லாப் பயணங்களிலும் வீட்டிலேயே விட்டுச் செல்வதென முடிவு செய்கிறது."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இது வழக்கமாக எழுதி வைக்கிற 'ஏகமனதாக' என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மண்டபத்தில் முதலில் உயர்ந்த கை திலகத்தின் கைதான். புகழ்ச்சி வந்ததுமே தூக்கிவிட்டார். அதற்குப் பிறகும் வாக்கியம் போய்க்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.